ஆடி கழியட்டும்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொல்லிவைத்தவர் வீடு மாறிப் பார்த்திருக்க மாட்டார். பார்த்திருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லியிருப்பார். அதுவும் மாநிலம் விட்டு மாநிலம் மாறுவதென்றால் கேட்கவே வேண்டாம்.

சேலத்தில் ஓமலூர் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் நாங்கள் குடியிருக்கிறோம். கல்யாணமாகி மோகனூரிலிருந்து வந்த நாள் முதல் எனக்கு இதே சந்துதான். என் வீட்டுக்காரர் லாரி டிரைவர். இந்தியா முழுக்க ஓடிய மனுஷன். வயதாகி வண்டியை விட்டு இறங்கிய பிறகும் ஊர்ப்பட்ட டிரைவர்கள் அவருக்குப் போன் போட்டு வழி கேட்பார்கள். போன்களிலேயே வழி காட்டும் காலத்தில் இவரிடம் கேட்பானேன் என்று நினைப்பேன். ஆனால் எந்தப் பாலத்தில் லோடு வண்டி ஏறக் கூடாது, எந்த ஊருக்குள் மழைக்காலத்தில் போகக் கூடாது என்பதையெல்லாம் இவர்தான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். நான் வாங்கிவரச் சொன்ன கொத்தமல்லி மறந்துபோகும், நாக்பூர் பைபாஸ் மறக்காது. அதை வைத்து அவரை நான் கிண்டல் செய்யாத நாளில்லை.

எங்களுக்கு ஒரே மகன். சித்தூரில் லாரி உதிரிபாகக் கடை வைத்திருக்கிறான். ஆந்திராவுக்கு எங்களையும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். சேலம் மாதிரி நெரிசல் இல்லை, சின்ன ஊர், பாதிப் பேருக்குத் தமிழ் தெரியும், பின்தெருவிலேயே ஒரு வீடு காலியாக இருக்கிறது என்று போன சித்திரையில் வந்தபோது சொன்னான். அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார் என்று நானும் அவனும் சேர்ந்து பேசுவதற்குத் தயாராக உட்கார்ந்திருந்தோம். அவன் சொல்லி முடிக்கும் முன்பே இவர் "போலாம்" என்றார். ஒரு சட்டை எடுக்க மூன்று கடை ஏறி இறங்குகிறவர் ஊரை விட்டுப் போக ஒரே வார்த்தையில் சம்மதித்தார். எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் அந்த வேகம் மனதில் எங்கோ நெருடியது.

என் நாத்தனார், அதாவது இவருடைய தங்கை, அடுத்த சந்தில் இருக்கிறாள். சகுனம் பார்க்காமல் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். குலதெய்வத்திடம் கேட்காமல் ஒரு துரும்பையும் நகர்த்தக் கூடாது என்று எங்களைக் கோயிலுக்கு இழுத்துப் போனாள். சிவப்புப் பூவும் வெள்ளைப் பூவும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் போட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொன்னோம். வெள்ளை வந்தது. வெள்ளை வந்தால் சாமி சம்மதித்துவிட்டது என்று பொருள்.

ஆடி பிறந்தால் எங்கள் பக்கம் வீடு மாற மாட்டார்கள். அதனால் ஆனியின் கடைசி முகூர்த்தத்திலேயே சித்தூர் வீட்டில் பால் காய்ச்சிவிட்டு, உப்பு, மஞ்சள், ஒரு குடம் தண்ணீர் வைத்துப் பூட்டி வருவது, சாமான்களை ஆவணியில் லாரியில் ஏற்றுவது என்று முடிவாயிற்று. நாத்தனார் வீட்டுக் காரை எடுத்துக்கொண்டு விடியலில் கிளம்பினோம். இவர்தான் ஓட்டினார். நான் முன்னால், நாத்தனார் பின்சீட்டில் பால் குண்டாவை மடியில் வைத்துக்கொண்டு.

ஓமலூர், தொப்பூர், தருமபுரி எல்லாம் தாண்டிக் கிருஷ்ணகிரி வந்தோம். சித்தூருக்கு அங்கே சென்னை ரோட்டில் திரும்ப வேண்டும். லாரிக்காரன் வீட்டில் குப்பை கொட்டிய எனக்கே அது தெரியும். கொஞ்ச நேரம் கழித்து ஒரு போர்டைப் பார்த்தேன்.

"ஏனுங்க, சூளகிரின்னு போட்டிருக்குது. நாம ஓசூருக்கா போறோம்?"

அவர் வண்டியை ஓரம் கட்டினார். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி எதிரே ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நெற்றி வேர்த்திருந்தது.

"அங்க வழிய மாத்தி உட்டிருந்தாங்க புள்ள" என்றார்.

அப்படி யாரும் வழியை மாற்றிவிடவில்லை. நான் முழித்துக்கொண்டுதான் வந்தேன். டிரைவரின் ரோஷம், தப்பை ஒத்துக்கொள்ள மாட்டார் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன். பின்சீட்டிலிருந்து நாத்தனார், "நங்கை, சாமி வழி மறிக்குதுங்க" என்றாள். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்றுதான் கூப்பிடுவார்கள்.

சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது நல்ல நேரம் போய்விட்டது. ராகு காலத்தில் பால் பொங்கியது, அதுவும் மேற்குப் பக்கமாக வழிந்தது என்று நாத்தனார் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மேடை மட்டமாக இல்லை, எந்தச் சாமி வந்து பொங்க வைத்தாலும் அந்தப் பக்கம்தான் வழியும் என்றேன். அவள் முறைத்தாள்.

வீடு நல்ல வீடு. ஆனால் தெரு முழுக்க ஒரே மாதிரி வீடுகள், ஒரே மாதிரி பச்சைக் கேட்டுகள். கடைப் பலகைகளில் தெலுங்கு எழுத்து. இவர் கேட்டுக்கு வெளியே நின்று தெருவின் இந்த முனையையும் அந்த முனையையும் மாறி மாறிப் பார்த்தார். கூப்பிட்டதும் உள்ளே வந்தார்.

திரும்பி வரும்போது தொப்பூர் இறக்கம் வந்தது. எத்தனையோ வண்டி கவிழ்ந்த இடம். அந்த இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்கக் கியரை எடுத்துவிட்டு இறங்குகிறவனை இவர் கெட்ட வார்த்தையில் திட்டுவார். அன்றைக்கு நிதானமாகத்தான் இறக்கினார். கீழே சமதரைக்கு வந்து நெடுந்தூரம் ஓட்டிய பிறகு என் பக்கம் திரும்பி, "தொப்பூர் இன்னும் வரலியா?" என்றார்.

கிண்டல் செய்கிறார் என்று நினைத்து நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது.

ஆடி பிறந்தது. சாமான்களைக் கட்டத் தொடங்கினோம். கட்டுவது முழுக்க இவர் வேலை. லோடு கட்டிப் பழகிய கை. கயிற்றைச் சுண்டி இழுத்து ஒரு முடிச்சுப் போட்டால் ஆனை இழுத்தாலும் அவிழாது. ஆனால் காலையில் கட்டிய மூட்டையை மத்தியானம் அவிழ்ப்பார். உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பார். மறுபடி கட்டுவார். "என்னங்க, மூட்டையா, மளிகைக் கடையா?" என்று கத்தினேன். அவர் கட்டுவதிலேயே கண்ணாக இருந்தார்.

அடுத்து, சித்தூர் வீட்டுச் சாவியைக் காணவில்லை. வீட்டையே தலைகீழாகப் புரட்டினோம். இரண்டு நாள் கழித்துச் சமையலுக்கு உப்பு அள்ளினேன். ஜாடிக்குள் சாவி இருந்தது. நாத்தனார் அதைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டாள். வழி மறித்தது, பால் மேற்கே வழிந்தது, இப்போது சாவி உப்பில் கிடக்கிறது. அந்த வீடு ஆகாது, ஏதோ காவு கேட்கிறது என்றாள். நிலைப்படியில் எலுமிச்சம்பழம் நறுக்கிக் குங்குமம் தடவி வைத்தாள். நான் வீம்புக்கு, அந்தப் பழத்தை வீணாக்காமல் ஊறுகாய் போடலாமே என்றேன். ஆனால் எனக்கும் ஏதோ ஒன்று எங்களை நோக்கி வந்துகொண்டிருக்கிறது என்று தோன்றியது. அது அந்த ஆந்திர வீட்டிலிருந்து வருவதாகத்தான் நானும் நினைத்தேன்.

ஆடிப் பதினெட்டு கழிந்த வாரம் அது. கயிறு பற்றவில்லை, வாங்கி வருகிறேன் என்று காலையில் கிளம்பினார். கடை பக்கத்தில்தான். மத்தியானமாகியும் வரவில்லை. போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். நான் வத்தல் எடுக்க மொட்டை மாடிக்கு ஏறினேன். அங்கிருந்து பார்த்தால் சந்தின் முக்கு தெரியும்.

ஓமலூர் ரோட்டு டீக்கடைக்காரர் இவர் கையைப் பிடித்துக் கூட்டிவந்துகொண்டிருந்தார். ரோட்டைத் தாண்டும் குழந்தையின் கையைப் பிடிப்போமே, அப்படி. முக்கு வந்ததும் கையை விட்டார். எங்கள் வீட்டுப் பக்கம் விரலை நீட்டிக் காட்டினார். இவர் சட்டையை இழுத்துவிட்டு, தலையைக் கோதி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தனியாக நடந்து வந்தார். டீக்கடைக்காரர் முக்கிலேயே நின்று, இவர் எங்கள் கதவைத் தொடும்வரை பார்த்துவிட்டுப் போனார்.

வத்தல் தட்டைப் பிடித்தபடி அந்த வெயிலில் நின்றேன். சகுனம் பார்த்தவளும் தப்பாகப் பார்த்திருக்கிறாள், சகுனத்தைக் கிண்டல் செய்தவளும் தப்பாகப் பார்த்திருக்கிறாள். சூளகிரி, தொப்பூர், மூட்டை, சாவி எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. அந்த ஆந்திர வீட்டில் ஒரு குறையும் இல்லை. கீழே இறங்கியபோது, "கயிறு நல்லா இல்ல, வாங்கல" என்றார். "சரிங்க" என்றேன்.

மறுநாள் காலை டீக்கடைக்குப் போனேன்.

"நேத்து அவரக் கையப் புடிச்சுக் கொண்டாந்து உட்டீங்களே, என்னாச்சுங்க தம்பி?"

டீக்கடைக்காரர் டம்ளரைக் கழுவிக்கொண்டே இருந்தார். நிமிரவில்லை.

"நேத்து மட்டுமில்லீங்கக்கா. போன தையிலிருந்தே இப்படித்தானுங்க. நானு, ஆட்டோக்காரங்க, முடி வெட்டுற கடைக்காரரு, யாரு கண்ணுல பட்டாலும் முக்கு வரைக்கும் கொண்டாந்து உட்ருவோம். ஊட்டு வரைக்கும் வேண்டாம், அவளுக்குத் தெரியக் கூடாதுன்னு அண்ணன் கையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டாருங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கிறது, கட்டியவளுக்குத் தெரியவில்லை. ஊரே சேர்ந்து என்னை முட்டாளாக்கியிருக்கிறது. திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அவர் டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டார்.

"சித்தூருக்குப் போறீங்களாமா. அங்க யாருங்கக்கா முக்கு வரைக்கும் கொண்டாந்து உடுவாங்க?"

ஒரே மாதிரி பச்சைக் கேட்டுகளும், தெலுங்குப் பலகைகளும், தெருவின் இரண்டு முனையையும் மாறி மாறிப் பார்த்தபடி இவர் நின்றதும் கண்ணுக்கு முன்னால் வந்தன. கண்ணைக் கட்டிக் காட்டில் விடுவதற்கு நாள் குறித்து, பாலும் காய்ச்சிவிட்டு வந்திருக்கிறோம்.

வீட்டுக்கு வந்தேன். இவர் மெத்தையைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தார்.

"எப்ப இருந்துங்க இப்படி?" என்றேன்.

கை நின்றது. "சொல்லிப்போட்டானா?"

"சொல்லிட்டாருங்க."

கயிற்றின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டார். பிறகு சொன்னார்: "அதனாலதான் புள்ள போலாம்னேன். இங்க எல்லாத்துக்கும் என்னையத் தெரியும். எங்கிட்ட வழி கேட்டவனே நாளைக்கு என்னையப் பாத்துச் சிரிப்பான். அங்க நான் ஆருன்னே ஒருத்தனுக்கும் தெரியாது. தெரியாத ஊர்ல ஒருத்தன் வழி தெரியாம நின்னா, அது ஒரு தப்பா?"

எதை நினைத்து அவர் நிம்மதியாக இருந்தாரோ, அதை நினைத்துத்தான் நான் பயந்தேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் அழவில்லை.

டாக்டரிடம் போனோம். தலையைப் படம் எடுத்துப் பார்த்தார், நோய்க்கு ஒரு பெயர் சொன்னார், மாத்திரை எழுதினார். நிறுத்த முடியாது, கொஞ்சம் மெதுவாக்கலாம் என்றார். பழகிய இடத்திலேயே இருக்கட்டும் என்றும் சொன்னார். மகன் போனில் அழுதான். அவனே வாரம் ஒருமுறை வந்து போவதாகச் சொன்னான். லாரிக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

"லாரி வராதுங்க. நாம போகலீங்க" என்று இவரிடம் சொன்னேன். முகம் சுருங்கிப்போயிற்று. அன்றைக்குச் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை காபியைக் கையில் வாங்கிக்கொண்டு, "லாரி எப்ப வருது?" என்றார்.

மறுபடி சொன்னேன். அப்போதுதான் முதல்முறையாகக் கேட்கிறவர் மாதிரி அதே முகம் அதே போலச் சுருங்கியது. அதற்கடுத்த நாளும் கேட்டார். அந்த முகத்தை இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தெம்பில்லை.

"ஆடி கழியட்டுங்க" என்றேன்.

"ஆமாமா" என்று நிம்மதியாகக் காபியைக் குடித்தார். பிறகு மூட்டையை அவிழ்க்கப் போனார்.

ஆடி கழிந்தது. ஐப்பசி மழை பெய்து ஓய்ந்தது. மூட்டைகள் முன்னறையில் அப்படியே இருக்கின்றன. நடுவில் ஒரு தடம் விட்டு நடந்துகொள்கிறோம். முடி வெட்டும் கடையைக் காலி செய்துவிட்டார்கள். அந்த இடத்துக்கு வந்திருக்கும் செல்போன் கடைப் பையனுக்கு இவரைத் தெரியாது. டீக்கடைக்காரரும் மகள் ஊரோடு போய்விடலாமா என்று பேச ஆரம்பித்திருக்கிறார். அவர் அதைச் சொல்லும்போதெல்லாம் நான் பேச்சை மாற்றிவிடுகிறேன். இப்போது அவர் இவரை முக்கில் விடுவதில்லை. வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டுப் போகிறார். சத்தியம் வாங்கியதே இவருக்கு நினைவில்லை.

பொங்கலன்று வாசலில் இரண்டு பக்கமும் கரும்பு கட்டியிருந்தேன். இவர் குளித்துப் புதுவேட்டி கட்டி வந்து மூட்டைகளுக்கு நடுவே நின்றார்.

"லாரி எப்ப வருது புள்ள?"

"ஆடி கழியட்டுங்க."

வாசலில் இருந்த கரும்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எனக்கு நல்லது சொல்கிறவர் போலத் தலையாட்டினார்.

"ஆமாமா. ஆடில ஊடு மாறக் கூடாது."