ஓத்தியா இறங்கிய தாழி

எங்கள் காகேத்திச் சீமையில் திராட்சை ஒயின் மண்ணுக்குள் புதைத்த தாழியில்தான் பொங்கி அடங்கும். காலித் தாழிக்குள் ஆள் இறங்கித் தேய்த்துக் கழுவ வேண்டும். அந்த வேலையில் ஓத்தியாவை மிஞ்ச ஆளில்லை. ஒல்லி உடம்பு, குறுகிய வாய் வழியாக நழுவி இறங்கிவிடுவான். அவன் மனைவி மக்வாலா மேலே குந்திக்கொண்டு ஓயாமல் பேசுவாள். உள்ளே இருப்பவனுக்கு நினைவு தப்பவில்லையே என்று பார்க்கத்தான் அந்தப் பேச்சு.

"கொஞ்சம் வாய மூடேன்டி, காது வலிக்குது!" என்று உள்ளிருந்து கத்துவான்.

"மூடினா நீ அங்கயே தூங்கிடுவ. தேய்யா ஒழுங்கா!"

அந்த அக்டோபரில் பக்கத்துத் தாழியில் புதுச் சாறு பொங்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்து எழும் நச்சுக்காற்று கனமானது, பள்ளத்தில் போய்த் தங்கும். அந்தக் காற்று இருந்தால் சுடர் அணைந்துவிடும். காலையில் ஓத்தியா மெழுகுவர்த்தியைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்தான், அணையவில்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்தவன், பார்க்காமலே இறங்கினான்.

அப்போதுதான் பக்கத்து வீட்டிலிருந்து நான் ஒரு கூடை வால்நட்டோடு வேலிக்கு வெளியே வந்து நின்றேன்.

"மக்வாலா, வந்து வாங்கிக்கோ. அடுப்புல வேலை கெடக்கு."

வந்தாள். அவள் மகளின் கல்யாணப் பேச்சை நான்தான் இழுத்தேன். ஐந்து நிமிடம் இருக்கும். திரும்பிப் போனவள் அவனைக் கூப்பிடுவது கேட்டது. இரண்டாம் முறை கூப்பிட்டபோது அது அவள் குரலாகவே இல்லை. ஓடிப்போய், இறங்கப் பார்த்தவளை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். ஓத்தியாவின் தம்பி பிச்சிக்கோ மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கிக் கயிறு கட்டினான். தூக்கியபோது உயிர் இல்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் பிச்சிக்கோ சொன்னான்: "அண்ணி, அந்தத் தாழிய மண்ணு போட்டு மூடிடலாம்."

"அவரு பாதி கழுவிட்டாரு. மிச்சத்த நான் கழுவுறேன். பறிச்ச பழம் எத்தன நாள் தாங்கும்?"

மெழுகுவர்த்தி இறக்கிப் பார்த்துவிட்டு அவளே இறங்கினாள். பிச்சிக்கோ அழுதுகொண்டே கயிற்றைப் பிடித்திருந்தான்.

முதலாண்டு நினைவு நாளில் அந்தத் தாழியைத் திறந்தார்கள். ஊற்றி வைத்த கோப்பையை ஒருவரும் தொடவில்லை. மக்வாலாதான் முதலில் குடித்தாள்.

"நல்லாத்தான் வந்திருக்கு. குடிங்க."

நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அன்னிக்கு நான் கூப்பிடாம இருந்திருந்தா..."

"நீ கூப்பிட்ட, நான் வந்தேன்," என்றாள். "ரெண்டு பேருமே சுமக்க வேண்டியதுதான்." என் தட்டில் ரொட்டியைப் பிய்த்து வைத்தாள்.

அந்தப் பனிக்காலத்தில் மக்வாலா திபிலீசி நகரத்திலிருந்த மகளிடம் போய்விட்டாள். மூன்றாம் வருஷம் இறந்துபோனாள். எனக்குச் சேதி வந்தபோது அடக்கமாகிப் பத்து நாளாகியிருந்தது.