கார் ஷெட்டுக்கு வந்த லேத்து

எனக்குக் கோபம் அதிகம். இதைச் சொல்ல வெட்கம் ஒன்றும் இல்லை. எங்கள் தெருவில் காய்கறி வண்டிக்காரரைக் கேட்டாலும் சொல்வார். என் வீட்டுக்காரரும் லேசுப்பட்டவர் அல்ல. திருப்பதிக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனியில் லேத்து மிஷினில் நின்று இரும்பு கடைந்தவர். மயிரிழை பிசகினாலும் ஆகாத வேலை அது. அந்தக் கண்டிப்பை அப்படியே வீட்டுக்கும் கொண்டுவருவார். ரசத்தில் புளி, கதவுத் தாழ்ப்பாள், பால் பாக்கெட்டை வெட்டுகிற விதம் என்று எதற்கும் சண்டை போடுவோம். காலையில் பாதியில் நின்ற சண்டையை டிபன் பாக்ஸோடு எடுத்துக்கொண்டு போய், சாயங்காலம் வந்து விட்ட இடத்திலிருந்து ஆரம்பிப்பார். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். அதில் எங்களுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

பிறகு ஒருநாள் அவருக்கு வலது பக்கம் கையும் காலும் விழுந்துவிட்டன. பக்கவாதம் என்றார்கள். ஓர் ஆட்டோக்காரர் சீக்கிரமே ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்ததால் பிழைத்தார். அந்த ஆட்டோக்காரரை இன்றைக்கும் நான் சாமியிடம் சொல்லிக் கும்பிடுகிறேன். கால் திரும்பி வந்தது. பேச்சும் தெளிந்தது. வலது கையில் மட்டும் பிடிப்பு இல்லை. டம்ளரைக் கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்குவார். கம்பெனியில் மரியாதையாகத்தான் ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள்.

எல்லாம் வந்தது, சண்டை வரவில்லை. தோசையைக் கருக்கி வைத்தேன், "பரவால்லமா" என்றார். உப்புமா என்றாலே தட்டை நகர்த்துகிற மனிதர், நான்கு நாள் தொடர்ந்து உப்புமா போட்டும் "சரி" என்று சாப்பிட்டார். டிவியில் எதை வைத்தாலும் சரி, யார் வீட்டுக்குக் கூப்பிட்டாலும் சரி. எனக்குப் பாரமாகிவிட்டோம் என்று அவர் மனதில் பட்டுவிட்டது. அதனால் எதற்கும் மறுப்பு சொல்லக்கூடாது என்று தீர்மானம் பண்ணிவிட்டார். சொந்தக்காரர்கள் வந்து, "எவ்ளோ சாதுவா ஆயிட்டாரு, நீ குடுத்து வச்சவ" என்றார்கள். எனக்கு அவர்களை வாசலோடு அனுப்பிவிடலாமா என்றிருந்தது. ஒருவரோடு இத்தனை வருஷம் மல்லுக்கட்டிவிட்டு, அவர் இடத்தில் தலையாட்டுகிற வேறொருவரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? எனக்கு என் மனிதர் வேண்டும். வேளாவேளைக்கு மாத்திரை கொடுத்துக்கொண்டே அதைத்தான் வேண்டிக்கொண்டிருந்தேன்.

குடிபாலாவில் ஒரு சாவுக்குப் போய்விட்டுச் சித்தூர் வழியாகத் திரும்பினோம். பஸ் ஏறப் போகிற வழியில் ஒரு பழைய லேத்து பட்டறையைக் காலி பண்ணிக்கொண்டிருந்தார்கள். கரும்பு ஆட்டுகிற மிஷின்களுக்குச் சாமான் கடைந்துகொடுத்த பட்டறை. மற்றதெல்லாம் போய், ஒரு லேத்து மட்டும் பழைய இரும்புக்காரருக்காகக் காத்திருந்தது. பெயின்ட் மேல் பெயின்ட் அடித்து, முனையெல்லாம் மழுங்கி, மெழுகி வைத்த மண் அடுப்பு மாதிரி இருந்தது. அவர் நின்றார். உள்ளே போய் அதன் மேல் இடது கையை வைத்தார். பட்டறைக்காரரிடம், "இத நான் எடுத்துக்கினு போறேன்" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். "வூட்ல நிக்க வைக்க எடம் இருக்குதா? சாவு வூட்டுக்கு வந்துட்டு இரும்ப தூக்கிக்கினு போவாங்களா? அந்தக் கைய வச்சிக்கினு இன்னா பண்ணுவீங்க?" என்று தெருவே கேட்கும்படி பிடித்துக்கொண்டேன். அந்தக் கை என்று சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று உறைத்தது. பழைய மனிதராக இருந்தால் அந்த இடத்திலேயே என்னை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார். இவர் மிஷின் மேலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"சரிமா. வேணாம்னா வேணாம்" என்றார்.

பட்டறைக்காரர் தெலுங்குக்காரர், நான் திட்டியது புரிந்ததோ இல்லையோ, வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைக் கூப்பிட்டு, "மேமே தீஸ்குண்டாம், வண்டி மாட்லாடண்டி" என்று சொல்லிவிட்டேன். நாங்களே எடுத்துக்கொள்கிறோம், வண்டிக்குச் சொல்லுங்கள் என்று. என் வீட்டுக்காரர் என்னை வினோதமாகப் பார்த்தார். அதற்கும் சரி என்றுதான் சொன்னார்.

எங்களிடம் கார் கிடையாது. வீடு கட்டும்போது என்றைக்காவது வாங்குவோம் என்று ஒரு ஷெட் போட்டு, அதில் உடைந்த நாற்காலியும் தேங்காய் மட்டையும் கிடந்தன. அவற்றை ஒழித்து லேத்தை இறக்கினோம். வந்து பார்த்த அவருடைய பழைய கம்பெனிக்காரர் ஒருவர், ஸ்பிண்டில் இறுகிப்போயிருக்கிறது என்றார். ஸ்பிண்டில் என்றால் இரும்பைக் கவ்விக்கொண்டு சுற்றுகிற அச்சு. அது ஒரு துளி அசையவில்லை. "உள்ள அச்ச தாங்குற புஷ்ஷு தேஞ்சு போயிருக்கும். பழைய இரும்பு கடைக்குப் போட்ருங்க அண்ணி" என்று என்னிடம் சொன்னார். என் வீட்டுக்காரர் அதற்கும் தலையாட்டினார். நான்தான், "பாக்கலாம், நீங்க காபி குடிங்க" என்றேன்.

மறுநாளிலிருந்து நான் அவருக்கு வலது கை. அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சொல்வார். நான் நைட்டிக்கு மேல் அவருடைய பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு செய்வேன். கெரசின் போட்டு ஊறவைத்துப் பெயின்டைச் சுரண்டினேன். பச்சைக்குக் கீழே நீலம், நீலத்துக்குக் கீழே சாம்பல், மறுபடி பச்சை. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை பட்டறையைக் கழுவி, மிஷினுக்குப் புதுப் பெயின்ட் அடித்து, பொட்டு வைத்து, மாலை போட்டிருக்கிறார்கள். புதுத்துணி எடுக்கிற மாதிரி. இத்தனை பக்தியாக வைத்திருந்த மிஷின் ஏன் இறுகிப்போனது என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

வேலை நடக்கும்போதும் அவரைக் கிளறிக்கொண்டேதான் இருந்தேன். "இது எந்த ஊர் பித்துக்குளி பண்ண மிஷினு" என்பேன். "சரியா வராதுபோல இருக்குது" என்பேன். அடுத்து எங்கே சுரண்டுவது என்று கை காட்டுவார். ஒருமுறை, கருவிகள் மேலே நகர்ந்து போகிற அந்த நீளமான மட்டப் பரப்பை உப்புத்தாள் வைத்துத் தேய்க்கப் போனேன். மயிரிழை தேய்ந்தாலும் மட்டம் போய்விடுமாம், என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். வாயைத் திறந்தார். ஏதோ வரப்போகிறது என்று ஆசையாகப் பார்த்தேன். எண்ணெய்த் துணியை என் கையில் கொடுத்துவிட்டு, "இதால துடைம்மா" என்றார். அவ்வளவுதான்.

மேல்பக்கம் சுரண்டிக்கொண்டிருந்தபோது, அச்சு உட்காருகிற இரண்டு இடத்திலும் பெயின்டுக்கு அடியில் வட்டமாக ஏதோ தட்டுப்பட்டது. கொண்டை ஊசியால் குத்தினேன். பொத்துக்கொண்டு உள்ளே போனது. கெட்டியாக, மஞ்சளாக, பொடிப்பொடியாக வந்தது. முகர்ந்து பார்த்தேன். கெரசின் நாற்றத்தையும் மீறி வாசனை வந்தது. சந்தனம். நடுவில் சிவப்பாகக் குங்குமம்.

எண்ணெய் விடுகிற ஓட்டைகள் அவை. முன்னால் நின்று பார்த்தால் இரண்டு கண் மாதிரி எடுப்பாக இருக்கிறது. வருஷா வருஷம் பொட்டு வைத்தவருக்கு அதைவிட லட்சணமான இடம் அகப்படவில்லை. ஓட்டையில் சந்தனத்தை அப்பி, அது காய்ந்ததும் அடுத்த வருஷம் அதன் மேலேயே பெயின்ட் அடித்து, அதன் மேல் மறுபடி சந்தனம். மேலே மாலை மரியாதை, உள்ளே சொட்டு எண்ணெய் இல்லை. மிஷின் வறண்டு இறுகிவிட்டது. என் வீட்டுக்காரர் நல்ல உடம்போடு இருந்திருந்தால் முதலில் அங்கேதான் விரலை வைத்துப் பார்த்திருப்பார்.

"இன்னாங்க இது, கண்ணுல பொட்டு வச்சி குருடாக்கிட்டு இருக்கானுங்க" என்றேன். அவர் எழுந்து வந்து பார்த்தார். என் கையிலிருந்த பொடியை முகர்ந்தார். சிரித்தார். முதலில் மூக்கால், பிறகு வயிறு குலுங்க. உடம்பு விழுந்த பிறகு அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்க்கிறேன். நானும் சிரித்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அந்தப் பட்டறையில் பொட்டு வைத்த கை யாருடையதோ, நன்றாக இருக்கட்டும்.

ஓட்டைகளைச் சுத்தமாகக் குடைந்து, எண்ணெயும் கெரசினும் கலந்து விட்டுக்கொண்டே இருந்தோம். காலையில் எழுந்ததும் பல் விளக்குகிறாரோ இல்லையோ, போய் அச்சைப் பிடித்து அசைத்துப் பார்ப்பார். இடது கையால்தான். பிறகு வலது கையையும் மேலே கொண்டுபோய் வைப்பார். ஒரு காலையில் நான் கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது ஷெட்டிலிருந்து, "இங்க வாமே" என்று கூப்பிட்டார். அச்சு சுற்றியது. ராட்டினம் மாதிரி எல்லாம் இல்லை, முனகிக்கொண்டு மெதுவாக. அவர் பழையபடி உரிமையோடு "மே" போட்டு என்னைக் கூப்பிட்டு எத்தனை நாளாகிறது என்று எனக்குத்தான் தெரியும். எலக்ட்ரீஷியன் வந்து மோட்டாரை மாட்டினார். மிஷின் ஓடியது.

அந்த வாரமே சித்தூரில் என் அக்கா பேரனுக்குக் காதுகுத்து. போகலாமா என்று முன்னாலேயே கேட்டு, வழக்கம்போல சரி வாங்கி வைத்திருந்தேன். காலையில் நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வெளியே வந்தால், இவர் ஷெட்டில் கிரீஸ் கையோடு மிஷினுக்கு அடியில் குனிந்திருக்கிறார்.

"கெளம்பலையா?" என்றேன்.

"நான் வரல."

எனக்குக் காது சரியாகக் கேட்டதா என்றே சந்தேகம். "இன்னா சொன்னீங்க?"

"இரும்ப புடிக்கிற ரெண்டு முனையும் நேருக்கு நேரா ஒக்காரல. இத வுட்டுட்டு எப்படி வர்றது? வரலன்னா வரல."

"எங்கக்கா கேட்டா நான் இன்னா பதில் சொல்றது?"

நிமிர்ந்தார். ஸ்பானரை என் பக்கம் நீட்டினார். "உங்கக்கா வூட்டு சாம்பார்ல என்னைக்காவது உப்பு இருந்து இருக்குதா? அத துன்றதுக்கு நான் பஸ் ஏறி வரணுமா? நீ போய் துன்னுட்டு வா. அப்புறம் இன்னொன்னு. உப்புமா போட்டுப் போட்டு மனுசன சாவடிக்காத. போனா போவுதுன்னு பாத்தா நிறுத்தவே மாட்டேன்ற."

நானும் விடவில்லை. யார் தேய்த்த மிஷின் இது, யார் நகம் தேய்ந்தது என்று குரலை உயர்த்தினேன். "தேச்சா மிஷினு உன்னுதா? தள்ளி நில்லு, பொடவையில எண்ணெ படும்" என்று அதற்கும் மேலே கத்தினார். பக்கத்து வீட்டம்மா சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, எங்களைப் பார்த்ததும் தலையை இழுத்துக்கொண்டார். ஸ்பானர் வலது கையில் இருந்ததை நான் கேட்டுக்கு வெளியே வந்த பிறகுதான் நினைத்தேன். திரும்பிப் போய்ப் பார்க்கவில்லை. பார்த்தால் அங்கேயே உட்கார்ந்துவிடுவேன்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. சந்திரகிரி வருவதற்குள் அழுகை பிடித்துக்கொண்டது. முந்தானையை வாயில் வைத்தும் நிற்கவில்லை. டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் வயசில் சின்னவர், பயந்துபோய், "ஏமயிந்தம்மா?" என்று கேட்டார். என்னம்மா ஆச்சு என்று.

"மா ஆயன திட்டினாரய்யா" என்றேன். எங்க வீட்டுக்காரர் திட்டிட்டாருப்பா.

அவர் முகம் வாடிவிட்டது. நல்ல பிள்ளை. பெரியவங்க அப்படித்தான், மனசுல வச்சிக்காதீங்க என்று தெலுங்கில் ஆறுதல் சொன்னார். எனக்கு அது போதவில்லை. "சாலா திட்டினாரு" என்று மறுபடியும் சொன்னேன். ரொம்பத் திட்டினார் என்று.