ஒரிஜினல்காரர்

எங்கள் தெருவில் என் கணவரை யாரும் பெயர் சொல்லிக் கேட்பதில்லை. "ஒரிஜினல் வீட்ல இருக்காரா?" என்றுதான் கேட்பார்கள். மனிதர் பிழைப்பது என்னவோ பொய்ப்பல் செய்து. பல் டாக்டர்கள் எடுத்து அனுப்புகிற அச்சைப் பார்த்து, மெழுகில் செதுக்கி, பல்செட் செய்து கொடுக்கிற சின்ன லேப் ஒன்றில் அவருக்கு வேலை. பகலெல்லாம் போலியைச் செய்துவிட்டு, சாயங்காலம் கார் ஷெட்டுக்குள் புகுந்துகொண்டு ஒரிஜினல் ஸ்குரூ தேடுவார். இதை நான் சொல்லிக்காட்டினால் மட்டும் அவருக்குக் காது கேட்காது.

ஷெட்டில் நிற்பது ஒரு பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே கதவு, நீண்ட மூக்கு, தரையோடு தரையாகப் படுத்த உடம்பு. அது வந்து இறங்கிய அன்று அதைக் கார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கதவுக்கு அடியில் கைவைத்தால் விரல் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது, அத்தனை துரு. அதன்பிறகு அது ஷெட்டில் மட்டும் இருக்கவில்லை, வீடு முழுக்கப் பரவியது. முன் பம்பர் கட்டிலுக்கடியில். கண்ணாடிகள் துணி அலமாரிக்குப் பின்னால். சீட்டுகள் இரண்டும் ஹாலில். வருகிறவர்கள் சோபாவை விட்டுவிட்டு ஆசையாக அதில் போய் உட்காருவார்கள். பிறகு எழுந்திருக்க முடியாமல் கையை நீட்டுவார்கள், நான் போய்த் தூக்கிவிடுவேன்.

எனக்குக் காரைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் என் காலுக்குத் தெரியும். பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டுமாம், ஒருவர் காருக்கடியில், ஒருவர் பெடலில். "மிதி... மிதி... அப்படியே புடி... இப்ப விடு" என்று கீழேயிருந்து குரல் வரும். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்து மிதித்து, பால் பொங்கி வழிந்து, அதற்கும் நானே திட்டு வாங்கிய நாட்கள் உண்டு.

என் தம்பி ஏசி ரிப்பேர்காரன். அவனிடமும் ஒரு பழைய ஜப்பான் கார் இருக்கிறது, ஆனால் அவன் எதிர்க்கட்சி. வாங்கிய மறுநாளே சக்கரத்தை மாற்றி, எஞ்சினை மாற்றி, தெருவையே எழுப்புகிற சைலன்சர் ஒன்றையும் மாட்டினான். இரண்டு பேரும் சந்தித்தால் எனக்குப் பொழுது நன்றாகப் போகும்.

"மாமா, வண்டிய ஓட்டுறதுக்கு செய்றீங்களா, கண்ணாடிப் பெட்டில வைக்கிறதுக்கா?"

"உன் வண்டில கம்பெனி போட்டதுன்னு இன்னும் என்ன மாப்ள மிச்சம் இருக்கு? ஹாரனா?"

"அதையும் போன வாரம் மாத்திட்டேன் மாமா."

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவர் தம்பியிடம் வசமாக மாட்டிக்கொண்டார். டாஷ்போர்டில் ஒரு சின்னக் குமிழ் உடைந்திருந்தது. உலகம் முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. கடைசியில் இவர், பக்கத்துக் குமிழில் பல் டாக்டர் மாதிரி அச்செடுத்து, லேபில் பல்செட்டுக்கு ஊற்றுகிற பொருளிலேயே ஒன்று வார்த்துக் கொண்டுவந்தார். வந்தது ஈறு நிறத்தில். கறுப்பு டாஷ்போர்டின் நடுவில் இளஞ்சிவப்பாக ஒரு குமிழ். தம்பி சிரித்துச் சிரித்து ஷெட் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். பிறகு கறுப்பு சாயம் கலந்து வேறொன்று செய்தார். "அச்சு ஒரிஜினல்ல எடுத்ததுதான்" என்று இன்றுவரை சாதிக்கிறார்.

ஒருவழியாகக் கார் முடிந்தது. பெயின்ட் காய்ந்து, சீட்டுகள் ஹாலைவிட்டுக் கிளம்பி, எங்கள் வீடு மறுபடி வீடானது. முதல் ஓட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நானும் ஏறிக்கொண்டேன். எஞ்சின் முதல் தடவையிலேயே பிடித்தது. அவர் முகத்தை அன்று பார்க்கவேண்டுமே, புதுமாப்பிள்ளை தோற்றுப்போவார். தெருமுனை மேட்டில் வண்டி ஏறியபோது ஒரு குலுக்கு குலுக்கி நின்றது. மறுபடி எடுத்தார், மறுபடி நின்றது. தெருக்காரர்கள் தள்ளிக்கொண்டுவந்து ஷெட்டில் விட்டார்கள்.

"பெட்ரோல் சரியா வரல. கார்புரேட்டர்ல ஏதோ அடைப்பு" என்றார்.

அன்றே அதைக் கழற்றிச் சாப்பாட்டு மேஜைக்குக் கொண்டுவந்தார். சுத்தம் செய்தார், மாட்டினார். சரியில்லை என்று மறுபடி கழற்றினார். பல்லைச் செதுக்குகிற சின்ன உளியால், இல்லாத அழுக்கைச் சுரண்டினார். நாங்கள் ஹாலில் மடியில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். வாரக்கணக்கில் இதே கூத்து. மாட்டிவிட்டால் ஓட்டவேண்டும், ஓட்டாமல் மறுபடி கழற்றுவார். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை.

கார்புரேட்டர் காரில் இருந்த ஒரு நாள், இவர் வேலைக்குப் போனபின் தம்பி வந்தான். சாவியை எடுத்துக் கொடுத்தேன். அந்த மேட்டில் ஏறி, ஊரைச் சுற்றிவிட்டு வந்தான்.

"அக்கா, வண்டில ஒண்ணுமே இல்ல. தங்கமா ஓடுது. கிளட்ச்சுதான் கல்லு மாதிரி இருக்கு, எனக்கே தொடை வலிக்குது."

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. கொஞ்ச காலமாக அவர் மாடிப்படியில் பக்கவாட்டில் இறங்குகிறார். கேட்டால், செருப்பு சரியில்லை என்பார். சிமெண்டுத் தரையில் வருடக்கணக்காக முட்டி போட்டு அந்தக் காரைச் செய்திருக்கிறார். கார் முழுசாகி வர வர இடது முட்டி தேய்ந்துபோயிருக்கிறது. கிளட்சை மிதித்துப் பிடிக்கக் காலில் தெம்பில்லை. அதை வாய்விட்டுச் சொல்ல மனசில்லாமல், பாவம், வாயில்லாத கார்புரேட்டர் மேல் பழியைப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

தம்பியிடம் வழி இருந்தது. அதே கம்பெனியின் பெரிய வண்டி ஒன்றில் பூஸ்டர் என்று கிண்ணம் மாதிரி ஒரு சாமான் வருமாம். பாதி பலத்தை அதுவே போட்டுக்கொள்ளும், கால் சும்மா வைத்தால் போதும். அன்று சாயங்காலமே மாமாவிடம் பேச்சை எடுத்தான். இவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "என் வண்டில வேற வண்டி சாமானா? அந்தப் பேச்சே வேணாம்."

அடுத்த நாள் பெரிய குண்டாகத் தூக்கிப் போட்டார். லேபுக்கு வேலை தருகிற பல் டாக்டர் ஒருவர் பழைய கார்களாக வாங்கிச் சேர்க்கிறவர். அவரிடம் வண்டியை விற்கப்போகிறாராம். சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்வாராம். இதை அவர் சாப்பிட்டுக்கொண்டே, உப்பு குறைவு என்று சொல்கிற குரலில் சொன்னார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் காரோடு நான் பட்ட பாட்டுக்கு, சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் பயந்துபோனேன். அது போனபிறகு, சாயங்காலங்களில் இந்த மனிதர் என்ன செய்வார்? எங்கே போவார்? பின்னாலேயே ஷெட்டுக்குப் போனேன். துணியால் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கால் வரலன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் சுளுக்கிக்குமா உங்களுக்கு?"

கை நின்றது. திரும்பவில்லை. "யார் சொன்னா?"

"யார் சொல்லணும்? நீங்க படி இறங்குறத நான் பாக்கலயா?"

அவர் சீட்டில் போய் உட்கார்ந்தார். இடது காலைக் கையால் தூக்கித்தான் உள்ளே வைத்தார். "அந்த மேட்டுல மிதிச்சேன், கால் நடுங்குது, கேக்கல. இனிமே இது என்னால ஆகாது. யாராவது நல்லா வெச்சிக்கட்டும்."

"தம்பிதான் வழி சொல்றானே!"

"அதப் போட்டா இது அந்த வண்டியே இல்ல."

"டாக்டர் வீட்டுல துணி போத்தி நின்னா மட்டும் இது அந்த வண்டியா? ஓடாம நிக்கிறதுக்கா முட்டிய தேச்சீங்க? நானும்தான மிதின்னா மிதிச்சேன், புடின்னா புடிச்சேன். என்னைக் கேட்டீங்களா விக்கிறதுக்கு முன்னாடி?" என்று கத்தினேன். கத்துகிறபோதே அழுகை வந்துவிட்டது. கோபத்தில் அழுதால் எனக்கு இன்னும் கோபம் வரும், மூக்கைச் சிந்திவிட்டு இன்னொரு சுற்று திட்டினேன்.

அவர் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "பாடில ஒரு ஓட்டை போடக்கூடாது" என்றார்.

"என்னது?"

"உன் தம்பிகிட்ட சொல்லு. ஏற்கனவே இருக்கிற போல்ட்டுலதான் மாட்டணும். வேணாம்னா கழட்டி பழசு மாதிரி ஆக்கிக்கணும். புதுசா ஒரு ஓட்டை போட்டான், கைய உடைச்சிடுவேன்."

நான் உள்ளே ஓடிப்போய் டாக்டருக்கும் தம்பிக்கும் போன் செய்தேன். தம்பி அந்தச் சாமானோடு வந்தான். இவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அவன் கையை விட்டுக் கண்ணெடுக்காமல், மாமியார் மாதிரி ஒவ்வொரு போல்ட்டுக்கும் குறை சொன்னார்.

அதன்பிறகு பழைய கார்காரர்கள் ஒன்றுகூடுகிற நாள் வந்தது. ஒரு பெரிய மைதானத்தில் வரிசையாகக் கார்கள், துடைத்துத் துடைத்துத் தேய்ந்த மனிதர்கள். கம்பெனி விட்டபடியே மாறாமல் இருக்கிற வண்டிக்கு ஒரு கப் உண்டு. டார்ச்சும் சின்னக் கண்ணாடியுமாக இரண்டு பேர் எங்கள் காரைச் சோதித்தார்கள். குமிழைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனபோது, தன் வண்டியில் வந்திருந்த தம்பி என் கையைக் கிள்ளினான். பிறகு பானெட்டைத் திறந்தார்கள்.

"சார், இந்த பூஸ்டர் இந்த வண்டியோடது இல்லயே? இது மட்டும் இல்லன்னா கப் உங்களுக்குத்தான்."

இவர் முகம் விழுந்துவிடும் என்று நினைத்தேன்.

"இது இல்லன்னா வண்டி இங்க வந்திருக்காது சார்" என்றார் அவர், சாதாரணமாக. "நான் ஓட்டிட்டு வந்தேன்."

கப் அந்தப் பல் டாக்டரின் சிவப்புக் காருக்குப் போனது. சாயங்காலம் அதை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வந்ததும் லாரியில்தான். டாக்டர் கப்பைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் ஜன்னல் பக்கம் வந்து நின்றார்.

"மேட்டுல எல்லாம் நல்லா இழுக்குதா?"

"உங்களோடதும் இதே எஞ்சின்தான டாக்டர்? நீங்க ஓட்டிப் பாத்ததில்லயா?" என்று கேட்டார் இவர்.

"கிலோமீட்டர் ஏறிடுமே" என்றார் டாக்டர்.

என் கணவர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்தார். மைதானம் தாண்டுகிற வரைக்கும் அடக்கிக்கொண்டிருந்தேன், பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம்.

"கால் வலிக்குதா?"

"லேசா வலிக்குது" என்று செருப்பின் மேல் பழி போடாமல் உண்மையைச் சொன்னார்.

எங்கள் வீட்டுக்குத் திரும்புகிற இடம் வந்தது. அவர் இடது கால் கிளட்சை மிதித்தது. கியரைக் குறைத்துத் தெருவுக்குள் திரும்புவார் என்று நினைத்தேன். கூட்டினார்.