எண் இல்லாத ஜோடி

பனிச்சறுக்குப் பலகையின் மூக்கைச் சுவரில் முட்டுக்கொடுத்து, உள்ளங்கையால் அதன் வயிற்றை அமுக்கிக்கொண்டே மிசாவோ கேட்கும் முதல் கேள்வி, "காலைல என்ன சாப்ட்டீங்க?" என்பதுதான். உயரம், எடை, எத்தனை வருடப் பழக்கம் என்பதெல்லாம் அப்புறம். பதில் சொல்லிக்கொண்டே வாடிக்கையாளர் கடைக்குள் இருக்கும் இரண்டு மரப்படிகளை இறங்கி வரவேண்டும். சோறும் மீனும் என்றாலும் சரி, வெறும் காப்பி என்றாலும் சரி, அந்தப் பதிலை அவர் காதில் வாங்குவதில்லை. படியிறங்கும் காலைத்தான் பார்க்கிறார். எந்தக் கால் முதலில் வருகிறது, எந்த முழங்கால் தயங்குகிறது என்று பார்த்துவிட்டு நேராகப் போய் ஒரு ஜோடியை உருவி எடுத்து வருவார். பெரும்பாலும் அது கேட்ட ஜோடியாக இருக்காது.

மிசாவோ ஐம்பத்துநான்கு வயதுப் பெண்மணி. ஹொக்கைடோவில் எங்கள் மலையின் அடிவாரத்தில், பனிச்சறுக்குப் பலகைகளை வாடகைக்கு விடும் கடை அவருடையது. எதிரே, கம்பிவடத்தில் தொங்கி மலைமேல் போகும் லிஃப்டில் ஆட்களை நாற்காலி நாற்காலியாக ஏற்றிவிடுவது என் வேலை. பதினோரு பனிக்காலமாக அவர் கடை அடுப்பில்தான் கையுறை காயவைக்கிறேன், அவர் கெண்டியில்தான் தேநீர் குடிக்கிறேன், அவர் வாயில்தான் தினமும் திட்டு வாங்குகிறேன். இந்த மூன்றில் எதையும் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

காலை ஆறு மணிக்குக் கடையின் பின்புறம் போய், கறுப்புக் கையுறையில் ஒரு பிடி பனியை எடுத்து வாயருகே வைத்து ஊதுவார். மொத்தமும் பறந்துபோனால், "மாவு" என்பார். கையிலேயே ஒட்டிக்கொண்டால், "களி." பிறகு உள்ளே வந்து, அன்றைய பனிக்கு ஆகாத பலகைகளையெல்லாம் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிடுவார். முதுகைக் காட்டி நிற்கும் பலகை அன்றைக்கு யாருக்கும் கிடையாது. கெஞ்சினாலும் கிடையாது, சத்தம் போட்டாலும் கிடையாது. சத்தம் போட்ட ஒருவரைப் பார்த்து, "அது தூங்குது, எழுப்பாதீங்க" என்று சொல்லிவிட்டுத் தன் ஊறவைத்த மீனைத் தின்னப் போய்விட்டார்.

மாவுப்பனி விழுந்த நாளில் வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே ஆசைதான். பனி இடுப்பளவு கிடக்கிறது, ஆகவே கடையிலேயே ஆக அகலமான, ஆக நீளமான ஜோடி வேண்டும். அகலமான பலகை மாவில் மிதக்கும் என்பது உண்மைதான். மிசாவோவும் அதை மறுக்க மாட்டார். "வெறும் பனியா இருந்தா கதவையே கழட்டிக் குடுத்துருவேன். நடுவுல மரம் நிக்குதே. அது உங்களுக்காக ஒதுங்குமா?" என்பார். எங்கள் மலையின் சிறப்பே அந்தப் பூர்ச்ச மரக்காடுதான். வெள்ளைப் பட்டை மரங்கள், இரண்டுக்கும் நடுவே ஒரு ஆள் நுழையும் இடைவெளி. அங்கே பலகை சட்டென்று ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் புரள வேண்டும். அகலம் கூடினால் புரள நேரமாகும், அந்தச் சுமை முழுக்க முழங்காலில் இறங்கும்.

இதற்கெல்லாம் அவரிடம் அளவுநாடா கிடையாது. பலகையின் இடுப்பில், அதாவது கால் நிற்கிற இடத்தில், கட்டைவிரலையும் சேர்த்துக் கையைக் குறுக்கே வைப்பார். கைக்கு வெளியே பலகை தெரிந்தால் அது காட்டுக்கு ஆகாது. நீளம் புருவத்தைத் தாண்டக்கூடாது. மூக்கு தோணியைப்போல மேலே வளைந்து, அமுக்கினால் வளைந்துகொடுக்க வேண்டும். வாலும் முரட்டு வாலாக இருக்கக்கூடாது, பின்னால் வழுக்கி விலக வேண்டும். அவ்வளவுதான் அவருடைய படிப்பு. இதை வைத்துக்கொண்டு எத்தனை எலும்புகளைக் காப்பாற்றியிருக்கிறார் என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

திரும்பி வரும் பலகைகளையும் அவர் சும்மா வாங்கிப் போடுவதில்லை. கட்டைவிரலை ஓரத்தகட்டில் மூக்கிலிருந்து வால்வரை ஓட்டுவார். போன மாதம் ஒரு வங்கி மேலாளரிடம், "ஓடைப் பக்கம் கயிறு கட்டித் தடுத்திருக்குமே, அதுக்கு மேலயா போனீங்க, கீழயா?" என்று கேட்டார். அந்த மனிதர் முகம் சிவந்துபோனார். பலகையின் அடியில் மூங்கில்புல் கீறியிருந்ததாம், அந்தப் புல் ஓடைப் பக்கம் மட்டும்தான் பனிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்குமாம். எனக்கு அவர் மேல் மரியாதை உண்டு. பயமும் உண்டு என்பதை மறைப்பானேன்.

கல்லாவுக்குப் பின்னால் ஒரு பெரிய ஆணியில் ஒரு ஜோடி தொங்குகிறது. கடைப் பலகைகள் எல்லாவற்றிலும் எண் ஒட்டியிருக்கும், அதில் மட்டும் கிடையாது. ஊதா நிறம், மூக்கில் சின்னச் சின்ன மஞ்சள் பூக்கள். அது அவருடைய சொந்த ஜோடி. செவ்வாய்க்கிழமை கடைக்கு விடுமுறை. அன்று காலை என் லிஃப்டின் முதல் நாற்காலி மிசாவோவுக்குத்தான், நான் அதை வேறு யாருக்கும் கொடுத்ததில்லை. ஆறு நாள் பிறருக்குக் காட்டைக் கொடுக்கிறவருக்கு அந்த ஒரு காலை மட்டும்தான் சொந்தம். காட்டிலிருந்து வெளியே வரும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். திட்டத் தெரிந்த முகமா இது என்று இருக்கும்.

இந்த ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை நடந்ததைச் சொல்லாமல் மிசாவோவைப் பற்றி எழுதினால் பாதிதான் எழுதியதாகும்.

தெட்சுரோ எங்கள் மலையின் மீட்புக் குழுவில் இருந்தவன். நாற்பத்தாறு வயது. காட்டுக்குள் அடிபட்டுக் கிடப்பவர்களைச் சறுக்குவண்டியில் வைத்துக் கீழே கொண்டுவரும் வேலை. இரண்டு வருடங்களுக்கு முன் அவனுடைய வலது முழங்காலில் தசைநார் கிழிந்தது. அதிலிருந்து வண்டி நிறுத்துமிடத்தில் கொடி காட்டிக்கொண்டிருந்தான். அந்தத் திங்கட்கிழமை குழுத் தலைவர் குரோகாவா அவனுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்திருந்தார். அவர் பின்னால் வருவார், தெட்சுரோ பூர்ச்சக் காட்டை மேலிருந்து கீழ்வரை விழாமல் இறங்க வேண்டும். இறங்கினால் பழைய வேலை. விழுந்தால் காலம் முழுக்கக் கொடி.

காலையில் அவன் கடைக்கு வந்தபோது நானும் அடுப்பருகே இருந்தேன். வந்தவன் நேராகச் சுவரைப் பார்த்து நின்ற ஒரு ஜோடியைக் காட்டினான். நீளம், அகலம், முரட்டு வால். காலுக்கு அடிபடுமுன் அவன் ஓட்டிய அதே வகை.

"அது தூங்குதுடா" என்றார் மிசாவோ. அவன் அண்ணனோடு ஒரே வகுப்பில் படித்தவர், அந்த உரிமை.

"அக்கா, இன்னிக்கு ஒரு நாள். அதுல ஏறினாத்தான் நான் பழைய ஆளுன்னு எனக்கே நம்பிக்கை வரும். ரெண்டு வருஷமா பார்க்கிங்ல நிக்கிறேன். பசங்க என்னைக் கொடிமரம்னு கூப்புடுறானுங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். கண் சிரிக்கவில்லை. மிசாவோ அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு, நான் பதினோரு வருடத்தில் பார்க்காததைப் பார்த்தேன். அந்த ஜோடியை எடுத்துத் திருப்பினார். எடுத்துக் கொடுத்தும்விட்டார். படியிறங்கச் சொல்லவில்லை. காலையில் என்ன சாப்பிட்டான் என்றும் கேட்கவில்லை.

"நாடாவாவது கட்டிக்கோ" என்றார். மாவுப்பனிக்குள் பலகை கழன்று புதைந்தால் கண்டுபிடிக்க, ஒன்றரை மீட்டர் சிவப்பு நாடாவைப் பலகைக்குக் கட்டி கால்சட்டைக்குள் செருகிக்கொள்வது வழக்கம். "மீட்கப் போறவனுக்கே நாடாவா?" என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

ஒரு மணிக்கு இருவரும் கடைக்குள் வந்தார்கள். தெட்சுரோவின் கழுத்துப்பட்டிக்குள் எல்லாம் பனி.

"விழுந்துட்டான், மிசாவோ-சான்" என்றார் குரோகாவா. கெட்ட மனிதர் இல்லை அவர். "ஒரு பலகை கழண்டு உள்ள போயிடுச்சு. தேடி எடுக்க இருபது நிமிஷம். அடிபட்டவன் அதுவரைக்கும் பனியிலயே கெடப்பானா? நான் என்ன பண்றது, நீங்களே சொல்லுங்க."

மிசாவோ பலகைகளை வாங்கி மேசைமேல் மல்லாத்தினார். கட்டைவிரல் ஓடியது. ஒரு இடத்தில் நின்றது. பூட்ஸைக் கவ்வும் கொக்கிக்கு அடியில் இறுகியிருந்த பனியை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"படி ஏறி எறங்குடா."

"எதுக்குக்கா இப்ப?"

"எறங்குன்னா எறங்கு."

ஏறி இறங்கினான். வலது கால்தான் முதலில் வந்தது. தயங்காமல் வந்தது.

"தலைவரே," என்றார் மிசாவோ, "இந்த ஜோடி தெரியுதா? காலைல நான் சொவத்தப் பாக்கத் திருப்பி வச்சது."

குரோகாவாவுக்குக் கடையின் சட்டம் தெரியும். "நீங்களா எடுத்துக் குடுத்தீங்க?"

"நானேதான். இவன் மூஞ்சியப் பாத்துக் குடுத்துட்டேன். பனியப் பாத்துக் குடுக்கல, மரத்தப் பாத்துக் குடுக்கல. எடது பலகைல மரப்பட்டை தேய்ச்சிருக்கு, பாருங்க. திருப்பியிருக்கான். இந்த அகலத்துக்கு அது பொரள நேரமாச்சு. மோதாம உக்காந்துட்டான். முழங்காலுக்குப் பயந்தவனா இருந்தா அத மடக்கி உக்காந்திருக்க மாட்டான், கைய நீட்டி மரத்தப் புடிச்சு தோளை ஒடச்சிருப்பான். தப்பு இவன் கால்ல இல்ல, என் கடைல."

'தப்பு', 'என்' என்ற இரண்டு சொற்களும் அவர் வாயில் சேர்ந்து வந்து நான் கேட்டதில்லை. தெட்சுரோ ஏதோ சொல்ல வாயெடுத்தான். "நீ பேசாத. நாடா வேணாம்னது உன் தப்பு, அதுக்கு அப்புறம் தனியாத் திட்டுறேன்" என்று அவனை அடக்கினார்.

குரோகாவா பட்டை தேய்த்த இடத்தைத் தானும் தடவிப் பார்த்தார். "மூணு மணிக்கு இன்னொரு தடவை. அதுதான் கடைசி. எதுல போவான்?"

கையகல ஜோடிகள் எல்லாம் புதன்கிழமை வரைக்குமான வாடகையில் காலையிலேயே மலைக்குப் போய்விட்டிருந்தன. மிசாவோ திரும்பி, ஆணியிலிருந்த தன் ஜோடியை இறக்கினார். திருப்புளியால் கொக்கிகளைப் பின்னால் தள்ளி அவன் பூட்ஸுக்குப் பொருத்தினார். அவன் எடைக்கு இறுக்கத்தை மாற்றினார். நாடாக்களைத் தானே கட்டி, குனிந்து, அவன் கால்சட்டைக்குள் தானே செருகினார்.

"பூப்போட்டதா அக்கா? பசங்க சிரிப்பானுங்களே."

"சிரிக்கட்டும். மரம் சிரிக்காது."

பையன்கள் சிரித்தார்கள்தான். லிஃப்ட் வரிசையில் ஒருவன் விசிலடித்தான். நான் தெட்சுரோவை நாற்காலியில் ஏற்றிவிட்டேன். பனி மறுபடி கொட்ட ஆரம்பித்தது. காடு முடியும் இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றதில் இரண்டு பேரை நாற்காலியில் ஏற்றாமல் விட்டு, அவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கடைசி இரண்டு மரங்களுக்கு நடுவிலிருந்து முதலில் வெளியே வந்தது அந்த மஞ்சள் பூக்கள்தான். அதற்கு மேல் இடுப்புவரை பனி, அதற்கு மேல் தெட்சுரோ. பின்னாலேயே குரோகாவா. அவன் நிற்கவேயில்லை, கத்திக்கொண்டே என்னைக் கடந்து போனான். நான் வேலையை விட்டுவிட்டு ஓடினேன்.

கடையில் மிசாவோ கையைத்தான் முதலில் நீட்டினார். பலகைகளை வாங்கி, வழக்கம்போல் கட்டைவிரலை ஓட்டினார். கொக்கியின் அடியைத் துழாவினார். காய்ந்திருந்தது, பலகை ஒருமுறையும் கழலவில்லை. நாடாவில் அவர் போட்ட முடிச்சு போட்டபடியே இருந்தது.

"நாளைல இருந்து காட்டு வேலைக்கு இவனை எடுத்துக்கறேன்" என்றார் குரோகாவா. "காலைல ஏழு மணிக்கு மலை உச்சில நிக்கணும். பலகை ஒண்ணு ஏற்பாடு பண்ணிக்கோடா."

மறுநாள் என்பது செவ்வாய்க்கிழமை, மிசாவோவின் காலை. வானொலி இன்னும் நாற்பது சென்டிமீட்டர் மாவு விழும் என்று சொல்லிக்கொண்டிருந்தது. மிசாவோ தன் ஜோடியை இடுப்புத் துண்டால் ஈரம்போகத் துடைத்தார், மஞ்சள் பூக்கள் இருந்த இடத்தை இரண்டு முறை துடைத்தார். அதைத் தெட்சுரோவின் கையில் வைத்துவிட்டு, அந்த ஈரத்துண்டை எடுத்துப்போய்க் காலியாக இருந்த ஆணியில் மாட்டினார்.