அக்காள் ஒத்துக்கொள்ளாத கார்

போன மாதம்தான் கார் கதவுக்குச் சிவப்பு அடித்தார் சோணை. இன்றைக்கு அதையே உப்புத்தாள் வைத்துத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். அதற்கு முன் அடித்த பச்சை அடியிலிருந்து எட்டிப் பார்க்கிறது. "பச்சையும் இல்லயாம்ணே, சிவப்பும் இல்லயாம். பெறகு என்னதான் கலரு, நீங்களே சொல்லுங்க." இவருடைய அப்பா வைத்திருந்த அசல் காரை நான் கண்ணால் கண்டவனே இல்லை. இருந்தும் வில்லாபுரம் பக்கம் போகிறபோதெல்லாம் என்னைப் பிடித்து நிறுத்தி இதைக் கேட்காமல் விடமாட்டார்.

சோணைக்குக் காளவாசலில் டயர் கடை. அதை மகனிடம் தள்ளிவிட்டு, பாதி நாள் வில்லாபுரத்தில் இந்தக் காரை நிறுத்தியிருக்கும் தகரக் கொட்டகையில்தான் கிடக்கிறார். கிணறு வெட்டும் காண்டிராக்டரான இவருடைய அப்பா, ஊரே வாயைப் பிளக்கிற மாதிரி ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருந்தார். இரண்டே சீட்டு, மடக்குகிற கூரை. அதில் கடப்பாறையை ஏற்றிக்கொண்டு உசிலம்பட்டிப் பக்கம் வேலைக்குப் போவாராம். அவர் காலமான பிறகு கைமாறிய கார், கடைசியில் பழைய இரும்புக் கடையில் துண்டு துண்டாகிவிட்டது. அதே மாடலில் ஒரு எலும்புக்கூட்டைச் சோழவந்தான் தென்னந்தோப்பில் கண்டுபிடித்தார் சோணை. கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்த அந்த வண்டியை லாரியில் ஏற்றி வந்து ஓட வைத்தும்விட்டார். கெட்டிக்காரர்தான், சந்தேகமில்லை. குழப்பமெல்லாம் அதற்கப்புறம்தான்.

அப்பாவின் கார் எப்படி இருந்தது என்று பார்க்கப் போட்டோ ஒன்று இருக்கிறது. ஆனால் குடும்பமே காருக்கு முன்னால் வரிசை கட்டி நின்று காரை மறைத்துவிட்டது. தெரிவது ஒரு முகப்பு விளக்கும் யாரோ ஒரு மாமாவின் மீசையும்தான். சாட்சிக்கு மிச்சம் இருப்பவர் தல்லாகுளத்து அக்காள் ராக்கம்மாள். அவர் வருவார், காரைச் சுற்றிப் பார்ப்பார், "நம்ம காரு இது இல்லடா" என்று சொல்லிவிட்டுக் காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பிவிடுவார். சோணை ஹாரனை மாற்றினார், ஸ்டியரிங்கை மாற்றினார். ஒன்றும் எடுபடவில்லை.

"அவ வாயால ஒருக்கா நம்ம காருதான்னு சொல்லிட்டாப் போதும்ணே. இல்லாட்டி இம்புட்டு நாளா நான் எதைச் செஞ்சேன்னு எனக்கே வெளங்கல" என்றார். கேட்கவே பாவமாக இருந்தது.

இன்றைக்கு நான் இருக்கும்போதே அக்காள் வந்துவிட்டார். சோணைக்குப் பொறுமை போய்விட்டது.

"எல்லாத்தையும் மாத்தியாச்சு. இன்னும் எதுதாங்க்கா தப்பு?"

"எனக்கென்னடா தெரியும். வெளிய நின்னு பாத்தா எனக்கு எந்தக் காரும் நம்ம காரு இல்ல. ஒருநாளாச்சும் உள்ள உக்காருக்கான்னு சொன்னியா நீ?"

சோணை ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டார். அக்காள் இடப்பக்கச் சீட்டில் உட்கார்ந்து, "நீயும் ஏறு" என்றார்.

சோணை டிரைவர் சீட்டுக்குப் போகவில்லை. சின்ன வயதில் அப்பா ஓட்ட, இவர் போனதெல்லாம் சீட்டுகளுக்குப் பின்னால் சாமான் வைக்கிற சந்தில்தானாம். அந்தத் தொந்தியோடு அதற்குள் நுழைந்து, முழங்கால் மோவாயில் முட்ட ஒடுங்கி உட்கார்ந்தார். டிரைவர் சீட்டு காலியாகக் கிடந்தது.

"சரியா இருக்காக்கா?"

அக்காள் சேலையைச் சுருட்டிப் பிடித்து, கியர் போட இடைஞ்சல் இல்லாதபடி, முழங்காலைக் கதவுப் பக்கமாக ஒதுக்கி வைத்துக்கொண்டார்.