பாக்குவெட்டியில் வெட்டிய மாத்திரை

அறுபதுகளின் தொடக்கம். தேரடித் தெருவில் வெற்றிலை பாக்குக் கடை வைத்திருந்தேன். இரண்டாவது குழந்தை பிறந்த பதினெட்டாம் நாள் என் மனைவியின் இடது கால் தொடைவரை வீங்கியது. வாயுவாக இருக்கும் என்று எண்ணெய் போட்டு நீவிவிட்டேன்.

வேலூர் டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "உள்ள ரத்தம் உறைஞ்சிருக்குய்யா. நீவினா உடைஞ்சு நெஞ்சுக்குப் போயிடும்." மாத்திரை எழுதினார். "கம்மியானா உறையும், ஜாஸ்தியானா ரத்தம் நிக்காது. கீரை வேணாம், மருந்த முறிக்கும்."

நான் ஐந்தாவதோடு நின்றவன், அதிலும் பயந்தாங்கொள்ளி. ஜாஸ்தி மட்டும்தான் மண்டையில் நின்றது. ஒருநாள் பல் துலக்கும்போது அவள் ஈறில் ரத்தம் கசிந்தது. அன்றிலிருந்து மாத்திரையைப் பாக்குவெட்டியில் பாதியாக வெட்டி நானே கொடுத்தேன்.

"என்னங்க, சின்னதா இருக்கு?"

"இப்பல்லாம் இப்படித்தான் வருது."

மூன்றாவது வாரம் கால் மறுபடி வீங்கியது. வேலூருக்கு ஓடினோம். "மருந்து பத்தலையே. ஒழுங்கா சாப்பிட்டியாம்மா?" என்றார் டாக்டர்.

"ரெண்டு நாள் முருங்கைக்கீரை தின்னுட்டேன் சார். நாக்கு கேக்கல."

அவர் திட்டத் திட்ட அவள் தலைகுனிந்து நின்றாள். நான் குழந்தையைத் தட்டிக்கொண்டிருந்தேன். பழி அவள்மேல் போனதில் எனக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

ஒரு வாரம் படுக்கவைத்து ஊசி போட்டார்கள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. கிளம்பும்போது சீட்டில் 'ஒன்றரை மாத்திரை' என்று எழுதியிருந்தது. பஸ் ஸ்டாண்டில்தான் எனக்கு விளங்கியது. ஒன்று போதவில்லை என்று நம்பி டாக்டர் ஏற்றியிருக்கிறார். அவள் தின்றதோ அரை. இந்த ஒன்றரை உள்ளே போனால் ரத்தம் நிற்குமா?

அவளையும் கூட்டிக்கொண்டு திரும்பிப் போய் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நீ டாக்டரா, நான் டாக்டரா?" என்று கத்தியபடியே, சீட்டில் ஒன்றரையை அடித்துவிட்டு 'ஒன்று' என்று எழுதினார்.

பஸ்ஸில் திரும்பினோம். எங்கள் ஊர் மலை கண்ணில் பட்டபிறகுதான், "ஒரு வாரமா அந்தக் கீரைய நினைச்சு அழுதேங்க. பக்கத்துலயே இருந்தீங்களே," என்றாள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, "இனிமே பாக்கு மட்டும் வெட்டுங்க. மாத்திரைய நானே எடுத்துக்கறேன்."

உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வீக்கம் முழுசாக வடியவே இல்லை. தீபத்துக்கு மலை சுற்றும்போது அடி அண்ணாமலையில் காலை நீட்டி உட்கார்ந்துவிடுவாள். பிடித்துவிட என் கை தானாகப் போகும். பாதியில் இழுத்துக்கொள்வேன்.