பெண்களின் அலட்டல் என்று வெட்டிய ஒரு நிமிடம்: மன்னாரில் மூன்று நாள்

மன்னாருக்குப் பறவை பார்க்கப் போக நினைப்பவர்கள் இந்தப் பதிவைத் தாராளமாக வாசிக்கலாம். நேரம், தூரம், காசு எல்லாம் சரியாகவே எழுதியிருக்கிறேன். ஆனால் நான் போனது பறவை பார்க்க இல்லை, சண்டை பிடிக்க. கோபம் இன்னும் ஆறவில்லை. அங்கங்கே சூடாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன பெப்ரவரி, ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஷப்னாவிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. ஷப்னா எருக்கலம்பிட்டிப் பிள்ளை, இருபத்தாறு வயது. மன்னார்த் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கிற தாம்போதிச் சாலைக்குப் பக்கத்தில், கடல்நீரேரிக்கு மேலால் மின்கம்பிகள் போகின்றன. விடியப்புறம் இருட்டோடு பறந்து வருகிற பூநாரைகள் அதில் மோதிச் சாகின்றன. மோதினால் கம்பி அதிர்ந்து ஒரு சத்தம் போடும். அந்தச் சத்தத்தைப் பிடிக்கச் சின்ன ஒலிப்பதிவுப் பெட்டிகளைக் கம்பங்களின் அடியில் கட்டி வைப்பதுதான் அவளின் வேலை. எப்போது, எந்த இடத்தில் மோதுகின்றன என்று தெரிந்தால், அந்த இடங்களில் மினுங்கும் தட்டுகளைத் தொங்கவிட்டுப் பறவைகளைக் காப்பாற்றலாம்.

அந்தப் பெட்டிகளின் உள்வேலையை யாழ்ப்பாணத்தில் இருந்து செய்து கொடுத்தவள் நான். எங்களுக்குள் பதினொரு பெண்கள் உள்ள ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. ஒருத்தி ஆமைக்குக் கருவி பூட்டுகிறாள், இன்னொருத்தி காட்டுக்குள் கமரா வைக்கிறாள். ஒருத்திக்கு வேலையில் இடைஞ்சல் என்றால் கிட்ட இருக்கிறவள் உடனே வெளிக்கிட வேண்டும். இது நாங்கள் எழுதி வைக்காத சட்டம்.

"அக்கா, நான்தான் பிழை விட்டிட்டன் போல," என்றது செய்தி. "மோதின நேரம் எல்லாம் பகல் பத்து, பதினொரு மணி எண்டு வந்திருக்காம். அந்த நேரம் பறவை தண்ணிக்குள்ள நிண்டு மேயுமே, எப்பிடி மோதும், அது லொறிச் சத்தம் எண்டு திட்டத்தின்ர கொழும்பு ஒஃபிஸில சொல்லுறாங்கள். தட்டு கட்டுறதையும் டிசம்பரிலயே நிப்பாட்டிட்டாங்கள். வியாழக்கிழமை கூட்டம். அதோட என்ர வேலையும் முடியுது."

செவ்வாய் காலை 6.10க்கு யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறினேன். பூநகரி வழியாக ஏறத்தாழ 115 கிலோமீற்றர். நான் கொடுத்தது 480 ரூபாய். இலுப்பைக்கடவையில் பத்து நிமிடம் நின்றது, பிளேன்ரீயும் வடையும் கிடைக்கும், வடை சுமார்தான். வலப்பக்க யன்னலோரம் இருங்கள், வெயில் குறைவு. மன்னார் பஸ் நிலையத்தில் இறங்கும்போது 9.25. அங்கிருந்து எருக்கலம்பிட்டிக்கு எட்டுக் கிலோமீற்றர், ஓட்டோவுக்கு 900 ரூபாய்.

"பறவை பாக்க வந்தனீங்களோ?" என்று ஓட்டோக்காரர் கேட்டார்.

"ஓம்."

"தனியவோ? ஆம்பிளையள் ஒருத்தரும் வரேல்லையோ?"

"பறவைக்கு ஆம்பிளையள் தேவையோ அண்ணை?"

அவர் சிரித்தார். நல்ல மனுசன், நடுத்தெருவில் நிற்கிற கழுதைகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி ஓடினார். பிறகு அவரே சொன்னார், கம்பிக்குக் கீழே செத்த பறவைகளைத் தானும் கண்டதாக. அவரிடம் ஒருத்தரும் கேட்டதில்லையாம். கேட்கத்தானே கொழும்பில் ஒரு கந்தோர் நிறைய ஆட்கள் சம்பளம் வாங்குகிறார்கள், என்ன செய்ய.

ஷப்னாவின் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. பிள்ளை பாதியாகப் போயிருந்தாள். அவள் தன்னையே சந்தேகப்படத் தொடங்கியிருந்தாள், அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது. பெட்டியின் மணிக்கூட்டைத் தான் பிழையாக வைத்துவிட்டதாக நினைத்து, ராத்தூக்கம் இல்லாமல் பழைய கொப்பிகளைப் புரட்டியிருக்கிறாள். கொழும்பில் எங்கள் ஒலிப்பதிவுகளை ஆராய்கிற அலுவலரை நான் இங்கே சேர் என்று மட்டும் சொல்கிறேன். பெயரைப் போட எனக்கு ஆசைதான், ஷப்னா வேண்டாம் என்றுவிட்டாள். சேரிடம் கேட்டபோது, "உங்கட பெட்டியின்ர மணிக்கூடு மலிவுச் சாமான், அதுதான்" என்றாராம். மலிவுச் சாமானாம்! செய்தவள் நான்.

அடுத்த நாள் காலை ஐந்து மணிக்கு ஜெனோவா அக்கா ஸ்கூட்டியில் வந்து என்னை ஏற்றினார். வங்காலைக்காரி, நாற்பது வயது. பெட்டிகளின் மெமரி கார்ட்டை ஐந்து நாளைக்கு ஒரு தரம் மாற்றுகிறவர் அவர்தான். தாம்போதியில் காற்று இல்லை, தண்ணீர் அசையாமல் கிடந்தது. அவர் சேற்றுக்குள் இறங்கி, புதுக் கார்ட்டைப் போட்டு, பெட்டிக்குக் கிட்ட வாயை வைத்துச் சொன்னார்: "புதன்கிழமை. விடிய ஐஞ்சு நாப்பது. ஜெனோவா." பிறகு மூன்று தரம் கை தட்டினார்.

குரல் சொல்கிற இந்தப் பழக்கம் எங்கள் குழுவில் ஆமைக்காரி சொல்லித் தந்தது. பெட்டியின் மணிக்கூடு முந்தினாலும் பிந்தினாலும், கார்ட் மாற்றியவளின் குரலையும் கைதட்டலையும் வைத்து நேரத்தைச் சரிபார்க்கலாம். பதினொரு பேரும் இப்படித்தான் செய்கிறோம்.

"அப்ப அந்தக் குரலைக் கேட்டாலே உண்மையான நேரம் தெரியுமே அக்கா? சேர் ஏன் கேக்கேல்ல?" என்றேன்.

ஜெனோவா அக்கா கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "உமக்குத் தெரியாதோ? முதல் ஒரு நிமிசத்தை வெட்டிப்போட்டாங்கள். பொம்பிளையளின்ர தேவையில்லாத அலட்டல் எண்டு அறிக்கையில எழுதியும் இருக்கு."

சீ! அந்த இடத்திலேயே வாயில் நல்லாத் திட்டு வந்தது. இவ்வளவு நாளும் சேற்றில் நின்று நேரம் சொன்ன ஒரு பெண்ணின் குரல் அலட்டலாம். வெட்டின பிறகு கார்ட்டுகளை அழித்துத் திருப்பி அனுப்பியும் விட்டார்கள், வேறு பிரதி இல்லை. இப்போது கழற்றிய கார்ட்டில் குரல் இருக்கும்தான், ஆனால் அவர்கள் பிழை என்று சொன்னது பழைய பதிவுகளை.

திரும்பும்போது நாலாவது கம்பத்துக்குக் கீழே ஒரு பூநாரை கிடந்தது. கழுத்து முறிந்திருந்தது, உடம்பில் இன்னும் சூடு இருந்தது. ஜெனோவா அக்கா போனில் படம் எடுத்து, நேரத்தையும் எழுதிக்கொண்டார். அவர் அதைச் செய்த விதத்தில் தெரிந்தது, இது முதல் தரம் இல்லை.

அன்று பகல் ஷப்னா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருவரும் கணினியோடு இருந்தோம். சேர் வெட்டி மிச்சம் வைத்த ஒலிப்பதிவுகள் போன கிழமைதான், நாலு தரம் கேட்ட பிறகு, டிஸ்க்கில் வந்திருந்தன. கணினி மோதல் என்று காட்டிக் கொடுத்த இரண்டு மூன்று செக்கன்களை மட்டும்தான் கொழும்பில் கேட்டிருக்கிறார்கள். நாங்கள் முழுதையும் கேட்பதென்று இருந்தோம். எனக்கு ஒரு மணித்தியாலத்தில் காது அடைத்துவிட்டது. வெறும் தண்ணீர், நண்டு, எங்கேயோ ஒரு நாய்.

ஷப்னா திடீரென்று நிமிர்ந்தாள். "அக்கா, பாங்கு கேக்குது."

பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கிற பாங்கு. பட்டணப் பக்கமிருந்து மெல்லியதாக வந்தது. கோப்பின் மேல் இருந்த நேரத்தைப் பார்த்தேன், பகல் 10.43.

"பத்தே முக்காலுக்கு என்ன பாங்கு?" என்றேன்.

"அந்த நேரத்தில ஒரு பாங்கும் இல்ல. கொஞ்சம் பொறுங்க." பின்னுக்கு இழுத்து, கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தரம் கேட்டாள். "தூக்கத்தை விடத் தொழுகை மேல் எண்டு சொல்லுறார் அக்கா. அது விடியச் சுபஹ் பாங்கில மட்டுந்தான் சொல்லுறது. இது விடியப்புறம். நான் பிழை விடேல்ல. அல்லாஹ், நான் பிழை விடேல்ல!"

சுபஹ் பாங்கு அந்த நாட்களில் 5.13க்கு. கோப்பில் 10.43. வித்தியாசம் சரியாக ஐந்தரை மணித்தியாலம். பிறகு விளங்க எவ்வளவு நேரம் எடுக்கும்? எங்கள் பெட்டிகள் உலகப் பொது நேரத்தில் ஓடுகின்றன, எங்கள் நாட்டு நேரம் அதைவிட ஐந்தரை மணித்தியாலம் முந்தியது. சேரின் மென்பொருள் அதைத் தானாகவே கூட்டிவிட்டது. அது தெரியாமல் சேர் தன் கையால் இன்னொரு தரம் கூட்டியிருக்கிறார். இந்தத் தொழிலில் யாரும் விடக்கூடிய பிழைதான், நானும் ஒரு தரம் விட்டிருக்கிறேன். ஆனால் நான் அதற்காக ஒரு பிள்ளையின் தலையில் பழியைப் போடவில்லை. இன்னொருத்தியின் குரலை வெட்டி எறியவும் இல்லை.

ஷப்னா அழுதாள். நானும்தான். பிறகு இருந்து மற்ற நாட்களையும் தேடினோம். ஒன்பது விடியல்களில் பாங்கு தெளிவாக இருந்தது, ஒன்பதும் அதே ஐந்தரை.

கூட்டம் வியாழன் காலை பத்து மணிக்கு, பட்டணத்தில் ஒரு மண்டபத்தில். கதிரைகள் அரைவட்டமாகப் போட்டிருந்தார்கள், நடுவில் திட்டப் பெரியவர், பக்கத்தில் சேர். ஷப்னா ஒலிபெருக்கியில் போட்டுக் காட்டினாள். முதலில் பாங்கு, பதிவில் அதற்கு இருபத்தெட்டு நிமிடம் கழித்துக் கம்பி அதிர்கிற சத்தம். ஐந்தரை மணித்தியாலக் கணக்கையும் எழுதிக் காட்டினாள். பெரியவர் மெதுவாகச் சேரின் பக்கம் திரும்பினார். இப்போது கிழிக்கப் போகிறார் என்று நான் ஆவலோடு காத்திருந்தேன்.

"நல்லது தம்பி, சின்ன நேரப் பிழை ஒண்டு. திருத்திப்போட்டுப் புது அறிக்கை எழுதும்," என்றார். "ஷப்னாவும் தொடர்ந்து தம்பிக்கு உதவியா இருக்கட்டும்."

உதவியா! நான் எழும்பப் போனேன், ஷப்னா என் கையை அமத்தினாள். அவளே எழும்பினாள்.

"சேர், புது அறிக்கையில யாரின்ர பெயர் இருக்கும்?"

"உள்ளூர்ப் பெண் உதவியாளர்கள் எண்டு போடுறம்தானே," என்றார் சேர். "வழமை அதுதான்."

அப்போதுதான் ஜெனோவா அக்கா எழும்பினார். அவரை ஒருத்தரும் பேசக் கூப்பிடவில்லை. நேரே போய்த் தன் போனைப் பெரியவரின் முன்னால் வைத்தார். "தள்ளித் தள்ளிப் பாருங்கோ ஐயா. ஒவ்வொண்டிலயும் திகதியும் நேரமும் போட்டிருக்கிறன். தட்டு கட்டுறதை நிப்பாட்டி ரெண்டு மாசம். அந்த ரெண்டு மாசமும் நீங்கள் மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு இருந்தனீங்கள். நான் இதைத்தான் பாத்துக்கொண்டு இருந்தனான்."

பெரியவர் தள்ளினார். தள்ளிக்கொண்டே இருந்தார். கடைசியில் முதல்நாள் விடிய எடுத்த படம் வந்திருக்க வேண்டும், போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார். தட்டுகளை அந்தக் கிழமையே கட்டச் சொன்னார். அறிக்கை ஷப்னாவின் பெயரில் வரும், ஜெனோவாவின் பெயரும் கீழே இருக்கும் என்றார். சேர் தன் கணினியை மூடினார். மன்னிப்பு என்ற சொல் கடைசிவரை அவர் வாயில் வரவில்லை.

வெளியே வந்து மூவரும் சர்பத் குடித்தோம். வென்றுவிட்டோம் என்று குழுவில் எல்லாரும் இதயம் போட்டார்கள். ஜெனோவா அக்கா மட்டும் கிளாசைத் தொடவே இல்லை. "ரெண்டு மாசம் பிள்ளையள்," என்றார்.

போகிறவர்களுக்குச் சில விசயங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை போங்கள். தங்க இடம் பட்டணத்தில் எடுப்பதே வசதி, நான் விசாரித்ததில் ஒரு அறை நாலாயிரம் ரூபாயில் தொடங்குகிறது. தாம்போதி மூன்று கிலோமீற்றர் நீளம், நடக்கலாம், தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். திருக்கேதீஸ்வரம் கிட்டத்தான், காலையிலேயே போய்வரலாம். யாழ்ப்பாணத்துக்குப் பின்னேர பஸ்ஸை நம்பாதீர்கள், நான் முக்கால் மணித்தியாலம் காய்ந்தேன்.

பூநாரைகளைப் பார்க்கும்போது கம்பிக்குக் கீழேயும் பாருங்கள். செத்த பறவை கிடந்தால் தொடாமல் படம் எடுத்து, நேரத்தையும் இடத்தையும் எழுதி, வனஜீவராசிகள் கந்தோரில் கொடுங்கள். அதைக் கண்டவள் சேற்றில் நிற்கிற ஒரு பெண் என்றால், உதவியாளர் என்று எழுதவேண்டாம். அவளின் பெயரைக் கேட்டு, முழுப்பெயரையும் எழுதுங்கள்.